ஆறாம் ஹென்றியை வெறும் ‘பைத்தியக்கார ராஜா’ என்று முடித்துவிடலாமா?

கரிசல்மண்:
நேற்று இரவு இங்கிலாந்தின் ரோஜாப் போர்களைப் பற்றி, அதாவது 15-ஆம் நூற்றாண்டில் முடிக்காக அரச குடும்பத்துக்குள்ளேயே நடந்த சண்டையைப் பற்றி, ஒரு காணொளி பார்த்தேன். ஆறாம் ஹென்றிக்கு அதில் கிடைத்தது ஒரே வரி. பைத்தியம் பிடித்த ராஜா, பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நாட்டைத் தொலைத்தவன். அவ்வளவுதான், அடுத்த போருக்குப் போய்விட்டார்கள். மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1421 டிசம்பர் 6, வின்ட்சர் கோட்டையில். அப்பா ஐந்தாம் ஹென்றி, அஜின்கோர்ட்டில் ஜெயித்தவர், அப்போது பிரான்ஸில் படை நடத்திக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமலே 1422 ஆகஸ்ட் 31 அன்று அங்கேயே காலமானார். பிள்ளைக்கு ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. அக்டோபரில் அம்மா வழித் தாத்தா, பிரான்ஸ் ராஜா ஆறாம் சார்லஸும் போய்ச் சேர்ந்தார். 1420-ல் போட்ட ஒப்பந்தப்படி பிரான்ஸ் முடியும் இந்தக் குழந்தைக்குத்தான். ஆனால் அந்தத் தாத்தாவுக்குச் சொந்த மகன் ஒருவர் இருந்தார், குழந்தைக்குத் தாய்மாமன், முடி தனக்கே என்றார். ஆக நடக்கத் தொடங்கும் முன்பே இந்தப் பிள்ளை பெயரில் தாய்மாமனோடு போர்.

1429-ல் பிரெஞ்சுத் தரப்பில் ஜோன் ஆஃப் ஆர்க் என்ற இளம்பெண் வந்து ஆர்லியன்ஸ் முற்றுகையை உடைத்தார், ஜூலையில் மாமனுக்கு ரைம்ஸில் முடி சூட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இங்கிலாந்தில் அவசர அவசரமாக எட்டு வயது நிறையாத பையனுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் முடி சூட்டினார்கள். 1431 டிசம்பரில் பாரிஸில் இன்னொரு முடி, அப்போது வயது பத்து. இரண்டு நாட்டிலும் முடிசூட்டப்பட்ட ஒரே இங்கிலாந்து ராஜா இவர்தான். இதில் ஒன்றையாவது அந்தப் பையன் கேட்டு வாங்கினானா? பெரியவர்கள் ஜெயித்து வைத்த சொத்தைக் காப்பாற்றும் வேலையைத் தொட்டிலிலேயே தலையில் கட்டிவிட்டு, காப்பாற்றவில்லை என்று 600 வருஷமாகத் திட்டுகிறோம்.

வடக்குமாசிவீதி:
தம்பி, நீங்கள் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். குழந்தையாக இருந்த காலத்துக்கு அவரை யாரும் குறை சொல்வதில்லை. சொல்லப்போனால் அந்தக் காலம்தான் நன்றாக ஓடியது. சித்தப்பா பெட்ஃபோர்டு பிரபு பிரான்ஸைப் பார்த்துக்கொண்டார், இன்னொரு சித்தப்பா க்ளாஸ்டர் பிரபுவும் கார்டினல் போஃபோர்ட்டும் இங்கே சபையில் சண்டை போட்டுக்கொண்டாலும் அரசாங்கம் நடந்தது. 1435-ல் பெட்ஃபோர்டு இறந்தார், அதே மாதம் அதுவரை இங்கிலாந்தோடு கூட்டாக இருந்த பர்கண்டி நாடு கட்சி மாறி பிரான்ஸ் பக்கம் போனது. சரி, அதுவும் ஹென்றி தப்பில்லை.

1437 கடைசியில், 16 வயதில், ஆட்சியைத் தன் கையில் எடுத்தார். நோய் வந்தது 1453 ஆகஸ்டில். நடுவில் முழுசாகப் பதினாறு வருஷம் நல்ல நினைவோடு இருந்திருக்கிறார். என் கேள்வி அந்தப் பதினாறு வருஷத்தைப் பற்றி மட்டும்தான்.

யார் வந்து கேட்டாலும் கொடுத்தார். நிலம், பதவி, மன்னிப்பு எல்லாம். கொடுத்ததையே மறந்து இன்னொருவருக்கும் கொடுத்தார். கார்ன்வாலில் அரச நிலங்களைப் பார்க்கும் பொறுப்பை 1437-ல் பான்வில் என்பவருக்கு ஆயுசு முழுக்க என்று எழுதிக்கொடுத்தார். 1441-ல் கிட்டத்தட்ட அதே பதவியை அவருடைய எதிரியான டெவன் பிரபுவுக்கும் எழுதிக்கொடுத்தார். இரண்டு குடும்பமும் அந்தப் பகுதியையே ரத்தக்களறி ஆக்கியது. இது இரக்கமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே நிற்கிறவன் முகம் வாடக்கூடாது என்கிற பலவீனம். அந்த அறையில் இல்லாதவன்தான் எப்போதும் அதற்கு விலை கொடுத்தான்.

கணக்கும் இருக்கிறது. 1433-ல் அரசின் கடன் சுமார் 1,64,000 பவுண்டு. 1449 வாக்கில் 3,72,000 பவுண்டு. பிரான்ஸில் நாம் சொல்கிற அந்த ஆங்கிலேயர் வசமிருந்த நார்மண்டியில் காவல் இருந்த படைவீரனுக்குச் சம்பளம் போகவில்லை, ஊரில் ராஜாவின் அரண்மனை ஆட்கள் பிரபு ஆகிக்கொண்டிருந்தார்கள்.

நிலாமுற்றம்:
இந்த இழையில் ஹென்றியின் மனைவி மார்கரெட் பெயர் எப்போது வரும், எப்படி வரும் என்று காத்திருந்தேன். ‘பெண்டாட்டி பேச்சைக் கேட்டு’ என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம்.

1445 ஏப்ரலில் டிச்ஃபீல்டு மடத்தில் கல்யாணம். மணப்பெண்ணுக்கு வயது பதினைந்து, பெரிய சீர்வரிசை எதுவும் இல்லை. உறவுமுறையில் பார்த்தால் ஹென்றியின் தாய்மாமன் மனைவிக்குத் தம்பி மகள். சமாதானம் வரும் என்ற நம்பிக்கையில் முந்தின வருஷம் டூரில் போர்நிறுத்தம் பேசி, ராஜாவின் முக்கிய ஆலோசகர் சஃபோக் பிரபு முன்னின்று முடித்த சம்பந்தம் அது. அந்த டிசம்பரில் ஹென்றி தன் கையெழுத்தில் மாமனுக்கு ஒரு கடிதம் எழுதி, பிரான்ஸில் ஆங்கிலேயர் வசமிருந்த மெய்ன் என்ற பகுதியை 1446 ஏப்ரலுக்குள் ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்தார். மார்கரெட்டும் அதற்காகக் கேட்டாள் என்பது உண்மைதான், கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் வந்து எட்டு மாதம் ஆன பதினைந்து வயசுப் பெண் கேட்டாள் என்றால், கொடுத்தது 24 வயசு ராஜா. சபைக்குச் சொல்லாமல், அந்த ஊரில் குடியிருந்த தன் சொந்த ஆட்களுக்குச் சொல்லாமல் கொடுத்தது அவர். கடைசியில் 1448-ல் பிரெஞ்சுப் படை வந்து நின்றபோதுதான் மெய்னின் முக்கிய ஊரான ல மான்ஸ் கைமாறியது. எய்தவன் இருக்க அம்பை நோகிற பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அவள் அரசியலில் முழுசாக இறங்கியது கணவர் படுத்த பிறகு, கையில் ஒரு குழந்தை வந்த பிறகு. யாராவது அந்தக் குழந்தையின் உரிமையைக் காப்பாற்ற வேண்டும், அப்பாவால் முடியவில்லை, அதனால் அம்மா நின்றாள்.

கரிசல்மண்:
அக்கா, காணொளிக்காரர் சொன்னதை நான் அப்படியே எடுத்துப்போட்டேன், என் கருத்து இல்லை. நீங்கள் சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

வடக்குமாசிவீதி அண்ணா, கடன் கணக்குச் சரி. ஆனால் மெய்ன் விஷயத்தில் அவர் நினைத்தது என்ன? நூறு வருஷமாக நடக்கிற சண்டை, எங்கேயாவது ஒருவர் விட்டுக்கொடுத்து நிறுத்தித்தான் ஆக வேண்டும். அப்பா ஜெயித்ததைப் பிள்ளை கொடுத்துவிட்டு சமாதானம் கேட்டால் கோழை என்கிறோம். அந்தக் காலத்தில் சமாதானத்தை மனசார விரும்பிய ராஜா என்று வேறு யாரைக் காட்டுவீர்கள்?

வடக்குமாசிவீதி:
விரும்பினார், சந்தேகமே இல்லை. ஆனால் மெய்னைக் கொடுத்த மறு வருஷம் என்ன நடந்தது? 1449 மார்ச்சில் இவருடைய ஆட்களே பிரிட்டனி எல்லையில் ஃபூஜேர் என்ற ஊரைப் பிடித்துக் கொள்ளையடித்தார்கள். போர்நிறுத்தம் உடைந்தது, ஆனால் அதற்குப் பிறகு சண்டை போட எந்த ஏற்பாடும் கைவசம் இல்லை. அக்டோபரில் நார்மண்டியின் தலைநகர் ரூவான் போனது. 1450 ஏப்ரல் 15 ஃபார்மினி போரில் கடைசிப் படையும் போனது. ஆகஸ்டில் ஷெர்பூர். ஒரு வருஷத்தில் நார்மண்டி முழுவதும் முடிந்தது. முப்பது வருஷமாக அங்கே வீடு வாசலோடு இருந்த ஆங்கிலேயர்கள் மூட்டை முடிச்சோடு கென்ட் கரையில் வந்து இறங்கினார்கள்.

அந்த மக்கள் வந்து இறங்கிய அதே கென்ட்டில்தான் ஜாக் கேட் என்பவர் தலைமையில் கலகம் வெடித்தது. அதற்கு முன் மே மாதத் தொடக்கத்தில், தோல்விக்கெல்லாம் பழி சுமந்த சஃபோக் பிரபுவைக் கடலில் மறித்து, படகின் விளிம்பில் வைத்துத் தலையை வெட்டி, உடலை டோவர் மணலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஜூலையில் கலகக்காரர்கள் லண்டனுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். பாலத்தின் மேல் விடிய விடியச் சண்டை போட்டு அவர்களை வெளியே தள்ளியது லண்டன் நகரத்து மக்கள். ராஜா எங்கே? கெனில்வொர்த்தில். இருபத்தெட்டு வயது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

செவிலி_இரவுப்பணி:
எனக்கு வரலாறு அவ்வளவு தெரியாது, மனநல மருத்துவமனையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு நோயைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். ‘பைத்தியம்’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் காட்சிகளை ஒரு தடவை படிக்க வேண்டும்.

1453 ஜூலை 17 அன்று பிரான்ஸில் காஸ்டியோன் போரில் தோல்வி, ஆங்கிலத் தளபதி டால்பட் சாகிறார், அங்கே கலே துறைமுகம் மட்டும்தான் மிச்சம் என்கிற நிலை வருகிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சாலிஸ்பரி பக்கம் கிளாரண்டனில் ராஜா திடீரென்று விழுந்துவிடுகிறார். அடித்தாரா, கத்தினாரா? எதுவும் இல்லை. பேச்சு நின்றது, அசைவு நின்றது. கிட்டத்தட்ட பதினேழு மாதம் ஊட்டிவிட்டு, கைத்தாங்கலாக எழுப்பி உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 13 அன்று மகன் பிறக்கிறான். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. குழந்தையை வின்ட்சருக்குக் கொண்டுபோகிறார்கள். பக்கிங்ஹாம் பிரபு கையில் ஏந்தி, ஆசீர்வதியுங்கள் என்கிறார். பதில் இல்லை. பிறகு ராணியே வாங்கி நீட்டிக் கேட்கிறாள். ஒரே ஒரு தடவை குழந்தையைப் பார்த்தார், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், அவ்வளவுதான் என்று அந்த ஜனவரியில் எழுதிய ஒரு கடிதம் சொல்கிறது. 1454 மார்ச்சில் சபையிலிருந்து பிரபுக்கள் குழுவாகப் போனார்கள். தலைமைப் பேராயரும் அரசின் சான்சலருமான கார்டினல் கெம்ப் இறந்துவிட்டார், அடுத்தவர் யார் என்று ராஜா சொல்ல வேண்டும். மூன்று தடவை முயன்றார்கள். கெஞ்சினார்கள். ஒரு வார்த்தை இல்லை, ஒரு சைகை இல்லை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிப் படுக்கை அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

இதே மாதிரி உட்கார்ந்திருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும், கண் திறந்திருக்கும், சொந்த அம்மா வந்து கூப்பிட்டாலும் அசைவு இருக்காது. இன்றைக்கு அதற்கு மருந்தும் சிகிச்சையும் இருக்கின்றன. 1453-ல் இருந்தது தலையைச் சிரைப்பதும் பேதி கொடுப்பதும்தான். ஹென்றியின் தாத்தா ஆறாம் சார்லஸ் முப்பது வருஷம் விட்டு விட்டு மனநோயில் கிடந்தவர், தன் உடம்பு கண்ணாடி என்று பயந்ததாகச் சொல்வார்கள். பேரனுக்கு வந்தது வேறு வகை மாதிரித் தெரிகிறது. இருந்தாலும் குடும்பத்தில் ஓடியிருக்கலாம். 600 வருஷம் தள்ளி நின்று நோய்க்குப் பெயர் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

1454 கிறிஸ்துமஸ் சமயத்தில் தெளிந்தது. ராணி மகனைக் கூட்டி வருகிறாள். பெயர் என்ன என்று கேட்கிறார். எட்வர்ட் என்றதும் இரண்டு கையையும் தூக்கிக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். இதுவரை யார் என்ன சொன்னார்கள், எங்கே இருந்தேன், எதுவும் தெரியாது என்கிறார். கார்டினல் இறந்ததையும் அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். இரவுப்பணி முடிந்து வந்து இதைப் படித்துவிட்டு அழுதேன்.

வடக்குமாசிவீதி:
அம்மா, அந்தப் பகுதியில் எனக்கு ஒரு எதிர்வாதமும் இல்லை. 1453-க்குப் பிறகு நடந்ததற்கு அவரைக் கேள்வி கேட்பது நியாயமே இல்லை. முந்தின பதினாறு வருஷத்துக்கு மட்டும் என் வழக்கு நிற்கட்டும்.

நிலாமுற்றம்:
அந்தப் பதினாறு வருஷத்தில்கூட அவர் ஆட்சி செய்தாரா என்பதே கேள்வி என்று சில வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். விருப்பம் என்று ஒன்று இல்லாத ராஜாவைச் சுற்றி மற்றவர்கள் ஒரு அரசாங்கத்தைக் கட்டிக் காட்டினார்கள், கையெழுத்து மட்டும் அவருடையது என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. அவர் தொடங்கிய ஈட்டன் பள்ளி விஷயத்தில் அந்த மனிதரின் விருப்பம் எவ்வளவு உறுதியாக இருந்தது என்று பாருங்கள்.

தேம்ஸ்கரை:
ஈட்டன் பெயர் வந்துவிட்டது, இனிமேல் சும்மா இருக்க முடியாது. பத்து வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறேன், கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜ் தேவாலயத்துக்கு நான்கு தடவை போயிருக்கிறேன்.

1440-ல் ஈட்டன், 1441-ல் கிங்ஸ் காலேஜ். இன்றைக்கு ஈட்டன் என்றால் பணக்காரப் பிள்ளைகள் ஞாபகம்தான் வரும், ஆனால் அவர் அதைத் தொடங்கியது எழுபது ஏழைப் பையன்கள் காசு கொடுக்காமல் படிக்க. அந்தப் பையன்கள் வின்ட்சர் கோட்டைப் பக்கம் வந்தால் கூப்பிட்டுப் பேசி, நல்ல பிள்ளைகளாக இருங்கள் என்று சொல்லிக் கையில் காசு கொடுப்பாராம். அரண்மனைக்கு அடிக்கடி வராதீர்கள், இங்கே இருக்கிறவர்களைப் பார்த்துக் கெட்டுப்போவீர்கள் என்றும் சொல்வாராம். இதை எழுதிவைத்த ஜான் பிளாக்மன் அவரைப் புனிதராகக் காட்ட எழுதியவர், அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் அதே குறிப்பில் வருகிற இன்னொன்றை என்னால் தள்ள முடியவில்லை. லண்டன் கிரிப்பிள்கேட் வாசலில் ஒரு கம்பத்தில் துண்டு துண்டாக வெட்டிய மனித உடலின் பகுதியைப் பார்த்து என்ன என்று கேட்டார். ராஜத் துரோகியின் உடல் என்றார்கள். எடுத்துவிடுங்கள், என் பொருட்டு ஒரு கிறிஸ்தவனை இவ்வளவு கொடுமையாக நடத்த வேண்டாம் என்றாராம்.

தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1446 ஜூலை 25, அவரே நேரில் வந்து. உள்ளே போனால் முதலில் எல்லாரும் மேலே விசிறி மாதிரி விரிகிற கல் கூரையைத்தான் பார்ப்பார்கள். வெளியே சுவரைப் பாருங்கள். கீழே ஒரு வெள்ளைக் கல், ஓர் உயரத்துக்கு மேல் நிறம் மாறுகிறது. 1461-ல் அவர் முடியை இழந்ததும் வேலை நின்ற கோடு அது. மிச்சத்தை அடுத்து வந்த ராஜாக்கள் நாலாம் எட்வர்டும் மூன்றாம் ரிச்சர்டும் கொஞ்சம் செய்தார்கள், ஏழாம் ஹென்றி காலத்திலும் எட்டாம் ஹென்றி காலத்திலும்தான் முடிந்தது, கூரை போட்டது 1515 வாக்கில். நான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டைத்தான் முதலில் தேடுவேன்.

படிக்கவந்தவன்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ராஜாவால் முடியவில்லை என்று எல்லாருக்கும் தெரிகிறது, ராஜாவின் உறவினர் யார்க் பிரபு நோய்க் காலத்தில் ஏற்கெனவே பொறுப்பில் இருந்தார். அப்படியே விட்டிருந்தால் போர் வந்திருக்காதே?

வடக்குமாசிவீதி:
நல்ல கேள்வி தம்பி. 1454-ல் யார்க் ராஜாவுக்குப் பதில் நாட்டைப் பார்க்கும் பாதுகாவலராக இருந்தார், நன்றாகவே செய்தார். ஹென்றி தெளிந்ததும் பதவி போய், யார்க் சிறையில் வைத்திருந்த அவருடைய எதிரி சோமர்செட் பிரபு வெளியே வந்தார். மேலே அம்மா சொன்ன அந்தச் சந்தோஷமான கிறிஸ்துமஸ்தான் நாட்டுக்கு அடுத்த சண்டையைக் கொண்டுவந்தது என்பதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 1455 மே 22, செயின்ட் ஆல்பன்ஸ் தெருக்களில் மோதல், சோமர்செட் கொல்லப்பட்டார், ராஜா கழுத்தில் அம்புக் காயம். 1458-ல் பகையாளிகளை எல்லாம் கைகோத்து செயின்ட் பால் தேவாலயத்துக்கு ஊர்வலமாக நடக்க வைத்தார், ராணியும் யார்க்கும் ஜோடியாக நடந்தார்கள். அது ஹென்றியின் சொந்த யோசனை, மனசாரச் செய்தது. அடுத்த வருஷமே போர். 1460-ல் ஹென்றி உயிரோடு இருக்கும்வரை ராஜா, பிறகு யார்க் வம்சம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதாவது சொந்த மகனைத் தள்ளிவிட்டு. மார்கரெட் ஒத்துக்கொள்வாளா?

கரிசல்மண்:
அதற்குப் பிறகு வருகிறதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

1461 மார்ச் 29 டவ்டனில், பனி கொட்டுகிற நாளில், யார்க் பிரபுவின் மகன் நாலாம் எட்வர்டிடம் முடியை இழந்து தோற்ற பிறகு ஹென்றி குடும்பத்தோடு ஸ்காட்லாந்துக்கு ஓடினார். 1464 ஹெக்ஸாம் தோல்விக்குப் பிறகு மனைவியும் மகனும் பிரான்ஸில், இவர் மட்டும் வட இங்கிலாந்தில் ஒரு வருஷம் வீடு வீடாக மறைந்து வாழ்ந்தார். ராஜாவாக இருந்தவரைச் சாதாரணக் குடும்பங்கள் ஒளித்து வைத்திருக்கின்றன, பிடித்துக் கொடுத்தால் பெரிய பரிசு கிடைக்கும் என்று தெரிந்தும். 1465 ஜூலையில் கிளிதரோ பக்கம் பிடிபட்டார். குதிரையில் உட்கார வைத்து, கால்களை அங்கவடியோடு சேர்த்துக் கட்டி லண்டன் தெருவில் கொண்டுபோனார்கள். ஐந்து வருஷம் லண்டன் டவர் கோட்டைச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார்.

1470 அக்டோபரில் அதுவரை யார்க் பக்கம் நின்ற வார்விக் பிரபு கட்சி மாறி வந்து இவரை வெளியே எடுத்து மறுபடி முடி வைத்தார். சிறையில் சரியான உடை இல்லாமல், சுத்தமாகவும் வைக்கப்படாமல் இருந்தார் என்று ஒரு வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ஆறு மாதத்தில் நாலாம் எட்வர்ட் திரும்பி வந்தபோது, மக்களைத் திரட்ட இவரை லண்டனில் ஊர்வலம் விட்டார்கள். மாற்று உடையே இல்லாதவர் மாதிரி ஒரு பழைய நீல அங்கியில் வந்தாராம். எட்வர்ட் உள்ளே வந்ததும், ‘உங்கள் கையில் என் உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரியும்’ என்றாராம். 1471 மே 4 டூக்ஸ்பரியில் பதினேழு வயது மகன் கொல்லப்பட்டான். மே 21 எட்வர்ட் லண்டன் திரும்பினார். அன்று இரவே ஹென்றி டவரில் இறந்தார். துக்கத்தில் இறந்தார் என்று அரசுத் தரப்பில் எழுதிக்கொண்டார்கள்.

நிலாமுற்றம்:
1910-ல் வின்ட்சரில் கல்லறையைத் திறந்து பார்த்தார்கள். மண்டையோடு பல துண்டுகளாக உடைந்திருந்தது, ஒட்டியிருந்த முடியில் ரத்தம் மாதிரிக் கறை. இறந்தவரை முதலில் செர்ட்சி மடத்தில் புதைத்தார்கள், 1484-ல் மூன்றாம் ரிச்சர்ட் வின்ட்சருக்கு மாற்றினார், எலும்புகள் அப்போதே இடம் மாறியவை. அதனால் அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. எனக்கு எட்வர்ட் ஆணை என்பதில் சந்தேகம் இல்லை. மகன் உயிரோடு இருந்தவரை அப்பாவைக் கொல்வதில் லாபம் இல்லை, மகன் போனதும் அப்பா மட்டும்தான் மிச்சம்.

செவிலி_இரவுப்பணி:
இறந்த பிறகு மக்கள் அவரைக் கும்பிட்டார்கள் என்று படித்தேன். நிஜமா?

தேம்ஸ்கரை:
நிஜம்தான் அம்மா. நோய் வந்தால், விபத்து நடந்தால் ஒரு காசை வளைத்து ஹென்றி ராஜா பெயரில் நேர்ந்துகொள்வார்கள், குணமானால் கல்லறைக்கு வந்து அதைப் போடுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அற்புதங்களை எழுதிவைத்த கையெழுத்துப் பிரதி இருக்கிறது. ஏழாம் ஹென்றி ரோமில் புனிதர் பட்டம் கேட்டுப் பார்த்தார். எட்டாம் ஹென்றி ரோமோடு உறவை அறுத்ததும் அது அப்படியே நின்றது.

வடக்குமாசிவீதி:
1450-ல் அவரைத் திட்டி எழுந்த அதே சாதாரண ஜனங்கள். இதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. ராஜாவாக அவர் செய்தது தப்பு என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த ஜனங்கள் அவரை மன்னித்துவிட்டார்கள் என்றால், ‘மன்னிக்கவே மாட்டேன்’ என்று மேலே எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

படிக்கவந்தவன்:
அந்தக் கல்லறையை இப்போதும் பார்க்கலாமா அண்ணா? அடுத்த மாதம் அக்கா வீட்டுக்கு ஸ்லவ் வருகிறேன்.

தேம்ஸ்கரை:
தாராளமாக. ஸ்லவிலிருந்து வின்ட்சர் பக்கம்தான். கோட்டைக்குள் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், தெற்குப் பக்க நடையில் ஒரு எளிமையான கருப்புக் கல் இருக்கும், அதுதான் ஹென்றி. காணிக்கை போட்ட பழைய இரும்புப் பெட்டியும் பக்கத்தில் இருக்கிறது. நேர் எதிரே, வடக்கு நடையில் இருப்பது நாலாம் எட்வர்ட், நடுவில் பீடம் மட்டும்தான். மே 21-ஐ ஒட்டி வந்தால் டவரில் ஈட்டனும் கிங்ஸ் காலேஜும் சேர்ந்து லில்லியும் ரோஜாவும் வைக்கிற வழக்கம் உண்டு. வின்ட்சருக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்குத் தேவாலயத்தை வழிபாட்டுக்குத்தான் திறப்பார்கள், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.